டக் டக்கும் குருவிக் குஞ்சும்

பழைய இயந்திரம் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒன்று தெரியும். அது சும்மா இருக்காது. ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். இப்போது வரும் புது வண்டிகளில் கோளாறு என்றால் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. கம்பெனிக்காரர் வந்து கம்ப்யூட்டரைச் செருகி, இன்ன இடத்தில் இன்ன நோய் என்று படித்துச் சொல்கிறார். நாற்பது வருடத்து டிராக்டருக்கு அந்த வசதி கிடையாது. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை சத்தம்தான். நாம்தான் காது கொடுத்து அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் தோட்டம் என்றால் ரோஜாச் செடி வைத்த இடம் அல்ல. கிணறு, தென்னை, கட்டுத்தரை, குடியிருக்கும் சாளை எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு அப்படி ஒரு தோட்டம். ஆழியாற்று வாய்க்கால் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீருமாகத் தென்னை நிற்கிறது. அந்தத் தோட்டத்துக்கு ஒரு டிராக்டர். 1986-இல் என் அப்பா நிலவள வங்கியில் கடன் வாங்கி எடுத்தது. மூன்று சிலிண்டர், 35 குதிரைத் திறன். கம்பெனிப் பெயர் இங்கே எதற்கு? அந்த வயதில் எந்தக் கம்பெனி வண்டியும் ஒரே மாதிரிதான் முனகும்.

தென்னைக்கு நடுவே ஒன்பது கொத்துக் கலப்பை போட்டு இடை உழவு ஓட்டுவது, மட்டை ஏற்றுவது, எரு அடிப்பது, பக்கத்துத் தோட்டங்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குப் போவது, இதெல்லாம் அதன் வேலை. 1992-இல் பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்த தம்பி ஒருவர்தான் இன்றைக்கும் அதன் டிரைவர். வாடகையில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பணத்தில்தான் அவருடைய மகள் நர்சிங் படிக்கிறாள்.

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் டிரைவர் வந்து நின்றார்.

"ஏனுங்ணா, எஞ்சின்ல டக் டக்குனு ஒரு சத்தம் வருதுங்க. ஸ்லோவுல விட்டா நல்லாக் கேக்குதுங்க."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள்.

"டக் டக்குன்னா கேக்குது? எனக்குக் குருவிக் குஞ்சு கூட்டுக்குள்ள கத்தற மாதிரி கேக்குதுங்க. நாலு நாளாவே கேக்குது."

வண்டியைக் கிளப்பச் சொல்லிக் கேட்டேன். டக் டக் எனக்குக் கேட்டது. குருவிக் குஞ்சு கேட்கவில்லை. "எனக்குக் கேக்கலை. ஆனா உனக்குக் கேக்குதுன்னா அது இருக்குது" என்றேன்.

பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக் தம்பி ஒருவர் வந்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரக்காரர். அன்றைக்கு மட்டும் இன்னும் மூன்று வண்டிகள் அவருக்காகக் காத்திருந்தன. ஆக்சிலேட்டரை இரண்டு தரம் முறுக்கிக் கேட்டுவிட்டு, "கனெக்டிங் ராடு பேரிங் போயிருச்சுங்க. எஞ்சினை எறக்கித்தான் பாக்கோணும். எறக்கினா போரு, பிஸ்டன் எல்லாம் சேத்தே பண்ணிறலாம். அறுபத்தஞ்சாயிரம் ஆகுமுங்க. கியர் பாக்ஸ்லயும் ஒரு ஊளை இருக்குது, அதைப் பொறவு பாக்கலாம்" என்றார்.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னோம். "அப்பா, அந்த வண்டிக்கு இனிமே 65,000 போடாதீங்க. வந்த விலைக்குக் குடுத்துருங்க. உழவுக்கு வாடகை வண்டி வெச்சுக்கலாம்" என்றான். கணக்குப்படி அவன் சொன்னது நியாயம்தான். ஒருவர் 1,10,000-க்குக் கேட்டுக்கொண்டும் இருந்தார். டிரைவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மட்டும், கயிறு மில் லாரிக்கு ஆள் தேடுகிறார்களாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வண்டியில் உட்கார்ந்தவர் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மகனிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். விற்பதோ வைத்திருப்பதோ, அதற்கு என்ன நோய் என்று தெரிந்துகொண்டு செய்வோம் என்றேன்.

இப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. நான் 1975 முதல் 2011 வரை கோவையில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். பிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக வெளியே வந்தேன். கோவையில் ஸ்டேன்ஸ் துரை 1888-இல் முதல் மில்லைத் தொடங்கினார் என்பதும், பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்தபிறகு மில்கள் வரிசையாக முளைத்தன என்பதும் இங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த மில்களில் வேலை செய்தவர்களின் காது பட்ட பாடுதான் வெளியே அதிகம் தெரியாது.

ஒரு ரிங் பிரேமில் நானூறுக்கு மேல் ஸ்பிண்டில்கள். நிமிடத்துக்கு 12,000, 15,000 சுற்று என்று சுற்றும். இப்படிப் பல பிரேம்கள் ஒரே ஷெட்டில். இந்த இரைச்சலுக்கு நடுவே எந்த பேரிங் கெடத் தொடங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கருவி எதுவும் இல்லை. ஒரு முழ நீளத் திருப்புளிதான். அதன் நுனியை பேரிங் இருக்கும் வீட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மடலில் அழுத்திக்கொண்டால், அக்கம்பக்கத்து இரைச்சல் பின்னால் போய்விடும். அந்த ஒரு பேரிங் மட்டும் காதுக்குள் பேசும். நல்ல பேரிங் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று சொல்லும். கிரீஸ் வற்றினால் 'ஸ்ஸ்' என்று சீறும். குண்டில் பள்ளம் விழுந்தால் 'கரகர' என்னும். லேனெக் என்ற பிரெஞ்சு டாக்டர் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதாஸ்கோப் வந்தது என்பார்கள். எங்கள் திருப்புளியும் அதே சாதிதான்.

மில் எனக்குக் கொடுத்தது இந்த வித்தை. எடுத்துக்கொண்டதும் அதே காதிலிருந்துதான். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதி சொல்கிறது. இரைச்சல் அதிகமானால் நாங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். அங்கே பஞ்சுக்கா பஞ்சம்? ஆனால் பஞ்சு அந்தச் சத்தத்தை அதிகம் தடுக்காது. ஓய்வு பெற்ற வருடம் காது பரிசோதித்தபோது டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு சமதரையாகப் போய்க்கொண்டிருந்தது, 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த இடம்தானாம். உட்காதில் இருக்கும் மெல்லிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது என்றும் சொன்னார். வயது ஏறும்போதும் முதலில் போவது மேல் ஸ்தாயிதான். அதனால்தான் தவில் எனக்கு இன்றும் தெளிவாகக் கேட்கிறது. சுவர்க்கோழி கேட்பதில்லை. சோறு போடட்டுமா என்று மனைவி கேட்டால், மோர் வேண்டுமா என்று கேட்ட மாதிரி இருக்கும்.

ஆக, டக் டக் என் பங்கு, குருவிக் குஞ்சு மனைவியின் பங்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

சத்தம் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உங்கள் வீட்டில் டிராக்டர் இல்லாவிட்டாலும், கிணற்று மோட்டார், கிரைண்டர், மிக்சி எதுவானாலும் இது உதவும்.

முதல் வேலை, இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. டிராக்டருக்குக் காரைப் போல பின்பக்கம் வில் கிடையாது. குலுங்கும் குலுக்கலில் எல்லாம் தளரும். பானெட் கொக்கி, சைலன்சர், மட்கார்டு, பின்னால் இழுவைக் கம்பி, டூல் பெட்டிக்குள் கிடக்கும் ஸ்பானர், எல்லாமே பயமுறுத்தும் சத்தம் போடும். நாங்களும் ஆட்டினோம். மட்கார்டு போல்ட் இரண்டு தளர்ந்திருந்தது, இறுக்கினோம். டக் டக் போகவில்லை.

இரண்டாவது, கேள்விகள். டாக்டர் வயிற்றில் கை வைப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்பார் அல்லவா, அதே மாதிரி. வண்டி நின்றிருக்கும்போதும் வருகிறதா, ஓடும்போது மட்டுமா? நின்றிருக்கும்போதே வந்தால் சக்கரம், பின் அச்சு இரண்டையும் மறந்துவிடலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது அதிகமா, சூடானபின் அதிகமா? பிஸ்டன் தேய்ந்து தட்டினால் காலையில் அதிகமாகக் கேட்டு, சூடேறியதும் குறையும். ராடு பேரிங் போனால் நேர்மாறு. ஆயில் சூட்டில் இளகியதும் சத்தம் கூடும், ஆயில் பிரஷர் முள்ளும் இறங்கும். கிளட்ச் மிதித்தால் மாறுகிறதா? மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் பக்கம்.

டிரைவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நின்றிருக்கும்போதும் வருகிறது. குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி. கிளட்ச் மிதித்தாலும் மாறவில்லை. ஆயில் முள் எப்போதும் நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு மெக்கானிக் தம்பியின் கணிப்பின் மேல் சந்தேகம் வந்தது. ராடு பேரிங் போன எஞ்சின் இப்படிச் சமர்த்தாகப் பதில் சொல்லாது.

மூன்றாவது, தாளம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஸ்லோவில் 600 சுற்று ஓடினால், கிராங்கோடு சேர்ந்து வரும் தட்டல் நிமிடத்துக்கு 600 தரம், வால்வுப் பக்கத்துத் தட்டல் ஒவ்வொன்றும் 300 தரம். எண்ண முடியாதுதான். ஆனால் இரண்டு மடங்கு வித்தியாசம் என்பதால் பழகிய காதுக்குத் தெரியும். இது வேகமான தாளம், கிராங்குப் பக்கம்தான். அதனால்தான் மெக்கானிக் தம்பியும் ராடு பேரிங் என்று நினைத்திருக்கிறார். அவர் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அடுத்த சோதனை வரை போக அவருக்கு நேரம் இல்லை.

நான்காவது சோதனைதான் தீர்ப்பு. எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஒரு நாசிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்த சிலிண்டர் மட்டும் வேலைநிறுத்தம் செய்யும். ராடு பேரிங் சத்தமாக இருந்தால், அது எந்த சிலிண்டரோ அதை நிறுத்தியதும் தட்டல் குறைய வேண்டும் அல்லது அடையாளம் தெரியாமல் மாற வேண்டும். ஒரு எச்சரிக்கை. அந்த பைப்பிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு முறை போனால் ஆஸ்பத்திரிதான். கையை விலக்கி, நட்டின் மேல் தடித்த துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் செய்யவே வேண்டாம். ஓடும் எஞ்சின் பக்கத்தில் வேட்டியும் துண்டும் ஆகாது. நான் அன்றைக்கு மில் காக்கிப் பேண்ட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். இடுப்பில் ஏறவில்லை, கயிறு கட்டிச் சமாளித்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று சிலிண்டரையும் மாற்றி மாற்றி நிறுத்தினோம். எஞ்சின் தடுமாறியது. டக் டக் அசையவில்லை. அதே குரல், அதே கனம்.

"ராடு பேரிங் இல்லை" என்றேன். டிரைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வேர்வைக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

இனி குருவிக் குஞ்சு. திருப்புளியை மனைவி கையில் கொடுத்தேன். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அதை அவள் தொட்டதே இல்லை. சுற்றும் எதன் மேலும் நுனி படக் கூடாது, அசையாத பாகத்தின் மேல் மட்டும் வைக்க வேண்டும் என்று சொல்லி, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, ஃபேனுக்கு எட்டி நிற்கும்படி நிற்க வைத்தேன். எஞ்சின் ஓட, முதலில் டைனமோவின் முதுகில் வைத்தாள்.

"இங்க இல்லீங்க. தூரத்துல கேக்குது."

டைமிங் மூடியின் மேல் வைத்தாள். "இங்கயும் இல்லீங்க." பிறகு வாட்டர் பம்பின் உடம்பில் வைத்ததும் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா! இங்கதானுங்க இருக்குது. காதையே கொத்துது."

நான் வாங்கி அதே இடத்தில் வைத்துக் கேட்டேன். எனக்கு எஞ்சின் ஓடும் சத்தமும் டக் டக்கும் மட்டும்தான் கேட்டது. முப்பத்தாறு வருடம் இந்தத் திருப்புளியால் சம்பளம் வாங்கியவன் நான். அதே திருப்புளி, அதே முறை. அவளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன் அன்றைக்கு வந்திருந்தான். தன் போனை வாட்டர் பம்புக்கு நேராகப் பிடித்து, "அப்புச்சி, இங்க பாருங்க" என்று காட்டினான். சத்தத்தை ஸ்தாயிவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஏதோ ஒரு வசதி. இடப்பக்கம் எஞ்சினின் கீழ்ச் சத்தங்கள் மேடாகத் தெரிந்தன. வலப்பக்கம் 5000-க்குப் பக்கத்தில் ஒற்றைப் பனைமரம் போல ஒரு கோடு எழுந்து எழுந்து விழுந்தது. என் வரைபடத்தில் கிணறு இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தப் பனைமரம் நின்றது. கேட்க முடியாததைக் கண்ணால் பார்த்தேன்.

பம்பு என்றதும் எனக்குப் பாதை தெரிந்துவிட்டது. கிராங்கு முனையில் ஒரு புல்லி. அதிலிருந்து ஒரே பெல்ட் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. எஞ்சினை ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிமிடம் ஓட்டச் சொன்னேன். பம்பு சுற்றாமல் அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

"குருவி நின்னு போச்சுங்க" என்றாள் மனைவி.

எனக்குக் கேட்டது வேறு. டக் டக்கும் மாறிப்போயிருந்தது. சீராக வந்தது இப்போது ஒன்று விட்டு ஒன்று தப்பிக் கடகடத்தது. பெல்ட்டைக் கழற்றியதால் ராடு பேரிங் சத்தம் ஏன் மாறவேண்டும்? எஞ்சினை நிறுத்தி, கிராங்குப் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். ஒரு நெல்மணி அகலத்துக்கு முன்னும் பின்னும் அசைந்தது. அதுதான் டக் டக். நடு போல்ட் தளர்ந்து, புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவி தேய்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் புல்லி தண்டின் மேல் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பம்பின் ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றினேன். காது சொல்லாததை விரல் சொன்னது. உள்ளே மணல் அரைபடுவது போல நறநறவென்று இருந்தது. பம்பின் அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வடிவதற்கு வைத்த துளை. அதற்குக் கீழே துருக்கறை ஒரு கோடாக இறங்கியிருந்தது. சீல் போய், தண்ணீர் கசிந்து, பேரிங்கைக் கெடுத்திருக்கிறது.

கழற்றியதும் பேரிங்கில் நம்பர் பார்த்தேன், 6304. அந்த நம்பரிலேயே அளவு இருக்கிறது. கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 20 மில்லிமீட்டர். 04 முதல் மேலே இந்தக் கணக்குச் சரியாக வரும். 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. கடைக்காரரிடம் பழைய பேரிங்கைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதில்லை, நம்பர் போதும்.

கியர் பாக்ஸ் ஊளை மீதி இருந்தது. கிளட்ச் மிதித்தால் நின்றது, விட்டால் வந்தது. ஆனால் அந்த ஊளை எனக்கு 1986 முதல் பழக்கம். அந்தக் காலத்து கியரில் பல் நேராக வெட்டியிருக்கும். இப்போதைய சாய்வுப் பல் போல மெத்தென்று ஓடாது, பாடிக்கொண்டேதான் ஓடும். ஆயிலை வடித்துப் பார்த்தோம். அடியில் இரும்புத் துகள் எதுவும் இல்லை. அது நோய் அல்ல, பிறவிக்குரல். அதை அப்படியே விட்டோம். எல்லாச் சத்தத்தையும் நோய் என்று எடுத்துக்கொண்டால் கிழவர்கள் யாரும் வீட்டில் இருக்க முடியாது.

உக்கடம் பழைய சாமான் கடையில் நல்ல புல்லி ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. சாவி 60. பேரிங் இரண்டு 700. சீல் கிட் 450. புது பெல்ட் 400. மாட்டிய கூலி 1,200. மொத்தம் 3,710 ரூபாய். மாட்டியது அதே மெக்கானிக் தம்பிதான். புல்லியை ஆட்டிக் காட்டியதும் சிரித்துவிட்டார். "நேரம் இருந்தா நானும் பாத்திருப்பனுங்க" என்றார். உண்மைதான். நமக்கு நேரம் இருக்கிறது, அவருக்கு இல்லை. ஓய்வு பெற்றவனுக்குக் கையில் இருக்கும் ஒரே முதல் அதுதான்.

மகனுக்குக் கணக்கை அனுப்பினேன். "சரிங்கப்பா, ஓட்டுங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கயிறு மில் லாரி பற்றி டிரைவர் பிறகு பேசவில்லை. ஆடி மழைக்கு முன்னால் எங்கள் உழவும் பக்கத்துத் தோட்டங்களின் உழவும் முடிந்தன. மகளுக்கு அடுத்த பருவக் கட்டணம் கட்டிவிட்டதாகச் சொன்னார்.

அந்த மாதமே கோவைக்குப் போய்க் காதை மறுபடி பரிசோதித்தேன். கிணறு அகலமாகியிருந்தது. காதுக் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வைத்துக்கொண்டேன். கண்ணாடி போடுவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை, இதற்கு மட்டும் ஏன் இத்தனை பேர் கூச்சப்படுகிறார்கள் என்று தெரியவில்லை. மில்லில், தறிப்பட்டறையில், லேத்தில், ஆலையில் வேலை பார்த்த என் வயதுக்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும், உங்களோடு பேசிப் பேசித் தொண்டை வற்றும் வீட்டுக்காரிக்காக.

முதல் நாள் மாட்டிக்கொண்டு சாளைத் திண்ணையில் உட்கார்ந்தபோது, கீரை ஆய்கிறவளின் வளையல் சத்தம் கேட்டது. வேப்பமரத்தில் சிட்டுக்கள் கத்துவது கேட்டது. தென்னோலை உரசுவதுகூடக் கேட்டது. அந்த டிராக்டர்க் குருவியை மட்டும் நான் கேட்கவே இல்லை. எனக்குக் காது வருவதற்கு முன்னால் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

திருப்புளி இப்போது டிரைவரின் டூல் பெட்டியில் இருக்கிறது. எந்தச் சத்தம் எங்கே என்று அவரும் வைத்துக் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார். கிணற்று மோட்டாரில் ஏதோ சத்தமாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நீங்க வந்தாலும் சரிங்க" என்றார் அவர். "அம்மாவைத்தான் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க."